கப்பல் கணக்கும் கணினிக் கணக்கும்

அந்தமானில் கடை நடத்துபவருக்குக் கடலும் ஒரு பங்காளி. சென்னைச் சரக்கு சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டும். கப்பல் ஓடுவதற்கே ஏறக்குறைய மூன்று நாள். துறைமுகத்தில் காத்திருப்பது தனி. இருப்புத் தீர்ந்தபின் ஆர்டர் போடுபவர், தம் வாடிக்கைக்காரரை அடுத்த கடைக்கு அனுப்பி வைக்கிறார் என்றே பொருள்.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. எந்தச் சரக்கை எப்போது வரவழைப்பது என்பது முப்பது ஆண்டுகளாக என் சித்தப்பாவின் மனத்தில்தான் இருந்தது. அவர் ஊருக்கே திரும்ப முடிவு செய்தபோது, அந்த அனுபவமும் அவரோடு கப்பலேறிவிடுமே என்ற கவலை எங்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வழி தேடியபோதுதான் 'லோ கோட்' மென்பொருள் எனக்கு அறிமுகமாயிற்று.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பக்கம் பக்கமாக நிரல் எழுதாமல், திரையில் கட்டங்களை இழுத்து வைத்து, அலுவலைத் தானாக நடக்கச் செய்யும் கருவி அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர் ஆட்டோமேட் இவ்வகையில் ஒன்று. நம்மவர் படைப்பும் உண்டு. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. அதன் 'ஜோஹோ கிரியேட்டர்' 2006இலேயே வெளிவந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்துக்கு அலுவலகம் இருப்பது நமக்குப் பெருமைதானே!

ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். இரண்டு மாலைப் பொழுதுகள் சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கூரைத் தகடு ஐம்பதுக்குக் குறைந்தால் ஆர்டர் போடு. மார்ச் பிறந்துவிட்டால் நூறிலேயே போட்டுவிடு, மே மாதம் மழை பிடிப்பதற்குள் எல்லோரும் கூரை மாற்றுவார்கள்" என்றார். அவர் அனுபவம் என்று நினைத்திருந்தது, எழுதிப் பார்த்தால் தெளிவான விதியாக இருந்தது. விதியாகச் சொல்ல முடிந்ததைத்தான் கருவி செய்யும்.

பிறகு கூரைத் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதலில் ஒரு படிவம்: சரக்கின் பெயர், வரவு, விற்பனை, இருப்பு. அடுத்து நிபந்தனை: மாதத்துக்குரிய அளவைவிட இருப்புக் குறைந்தால் எனக்குத் தகவல் வரவேண்டும். மூன்றாவது ஒப்புதல்: நான் சம்மதம் என்று அழுத்தினால்தான் சென்னை வியாபாரிக்கு ஆர்டர் மின்னஞ்சலில் போகும். நான்காவது சரிபார்ப்பு: கப்பலில் வந்த சரக்கை எண்ணிப் பதிந்ததும், ஆர்டருக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே எக்செல் கணக்கு வைத்திருப்பவர்கள் அதையே ஏற்றித் தொடங்கலாம். ஒரு மாதம் பழைய பேரேட்டையும் கூடவே எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் தீவில் ஓடுமா என்று கேட்பீர்கள். செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த காலம் போய்விட்டது. சென்னையையும் போர்ட் பிளேரையும் மற்றத் தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் மின்சாரமும் இணைப்பும் தடைபடும் நாள் உண்டு. ஆகவே வாரம் ஒருமுறை இருப்புப் பட்டியலைத் தாளில் அச்செடுத்து வைக்கிறோம். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கருவியிடம் ஒப்படைக்கவில்லை. யாருக்குக் கடன் கொடுப்பது என்று கேட்டதற்குச் சித்தப்பா, "ஆளைப் பார்த்துக் கொடு" என்றார். அதற்குக் கட்டம் ஏதும் இல்லை. அது மனிதர் பொறுப்பாகவே இருக்கட்டும்.

நம் குடும்பங்களில் இப்படி எத்தனையோ கணக்குகள் பெரியவர்களின் மனத்திலேயே இருக்கின்றன. கருவியைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். கணக்கைச் சொல்லித்தரப் பெரியவர்கள் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.