பழைய படகின் அடியில் சேரும் நீர்: பம்பு மட்டும் காப்பாற்றுமா?

உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் பூங்காவின் படகுத்துறையில் நின்றால் எதிரே ஜோகூர் நீரிணை தெரியும். அங்கே செல்லும் சிறு படகுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சில படகுகளின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் வெளியே கொட்டும். இடைவிடாமல் கொட்டினால் அது பெரும்பாலும் இயந்திரத்தைக் குளிர்வித்த நீர். திடீரெனப் பீறிட்டு, சற்று நேரத்தில் நின்றுவிட்டால், அது படகின் அடியில் தேங்கிய நீராக இருக்கலாம்.

உட்லண்ட்ஸுக்கு அருகே செனோக்கோவில் 1997 முதல் 2024 மார்ச் வரை ஒரு மீன்பிடித் துறைமுகம் இயங்கியது. அதன் பணிகள் இப்போது ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துக்கு மாறிவிட்டன. துறைமுகம் எதுவானாலும், பழைய மீன்பிடிப் படகு வைத்திருப்பவருக்கு அன்றாடக் கவலை ஒன்று உண்டு. படகின் ஆகத் தாழ்வான பள்ளமான ‘பில்ஜ்’ பகுதியில் நீர் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் அது.

நீர் நுழையும் மூன்று வழிகள்

முதல் வழி, சுழலித் தண்டு. இயந்திரம் படகுக்குள் இருக்கிறது; நீரைத் தள்ளும் சுழலி வெளியே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு படகின் உடலைத் துளைத்துச் செல்கிறது. பழைய படகுகளில் அந்த இடைவெளியை மசகு ஊறிய கயிற்றால் அடைத்து, மரையை இறுக்கியிருப்பார்கள். தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவது நல்லது. உராய்வால் சூடாகும் தண்டை அந்த நீர் குளிர்விக்கிறது. ஒரு துளிகூட வரக்கூடாது என்று அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு தேய்ந்து, கசிவு பிறகு இன்னும் பெருகும்.

இரண்டாவது வழி, பலகை இணைப்புகள். மரப்படகின் பலகைகளுக்கு இடையே பஞ்சுத்திரியை அடித்துச் செலுத்தி மூடுவார்கள். இந்த வேலைக்குக் ‘கலப்பற்று’ என்று பெயர். நீரில் ஊறும் மரம் குறுக்குவாட்டில் உப்புகிறது. பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதால் இணைப்பு இறுகுகிறது. நெடுநாள் கரையில் காய்ந்த மரப்படகு, கடலில் இறக்கிய முதல் சில நாள்கள் அதிகம் ஒழுகுவது இதனால்தான்.

மூன்றாவது வழி வானம்! 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகின் பரப்பை 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 3,000 லிட்டர் விழும். அதன் எடை 3 டன். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெறும் சிங்கப்பூரில், கட்டிவைத்த படகுக்கும் மூடாப்பு தேவை.

ஒரு துளையின் கணக்கு

துளை வழியே நீர் பாயும் வேகத்தைக் கணக்கிட 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி வழி சொன்னார். 2, புவியீர்ப்பு முடுக்கமான 9.8, மீட்டரில் ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். நீர்மட்டத்துக்கு 50 சென்டிமீட்டர் கீழே துளை இருந்தால், நீர் வினாடிக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் விட்டம் 2.5 சென்டிமீட்டர் என்றால், நீர்த்தாரை குறுகுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 55 லிட்டர் உள்ளே வரும். விட்டம் இரு மடங்கானால் நீரின் அளவு நான்கு மடங்காகும்.

தளும்பும் நீரின் ஆபத்து

உள்ளே வந்த நீர் படகின் எடையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. அலையில் படகு ஒரு பக்கம் சாய்ந்தால் நீரும் அந்தப் பக்கமே ஓடி, மேலும் சாய்க்கிறது. அதனால் முழுவதும் நிரம்புவதற்கு முன்பே படகு கவிழ்ந்துவிடலாம்.

நீரை ஓரிடத்தில் அடைத்துவைக்கத் தடுப்புச் சுவர்கள் உதவும். சீனாவின் சுவான்சோவில் 1974ல் தோண்டி எடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் 12 தடுப்புச் சுவர்களும் 13 அறைகளும் இருந்தன. தடுப்புகளே ஒழுகினால் பயனில்லை. 1973ல் கட்டப்பட்ட ‘அலாஸ்கா ரேஞ்சர்’ என்ற மீன்பிடிக் கப்பல் 2008 மார்ச் 23ஆம் தேதி பெரிங் கடலில் மூழ்கியது. பின்பகுதியில் புகுந்த நீர் மற்ற அறைகளுக்கும் பரவியது. கப்பலில் இருந்த 47 பேரில் 5 பேர் உயிரிழந்தனர்.

பம்பும் காலை வாரும்

தானியங்கிப் பம்பில் ஒரு மிதவை இருக்கும். நீர் உயர்ந்தால் மிதவை மேலெழுந்து பம்பை இயக்கும். ஆனால், மின்கலம் தீர்ந்தால் பம்பும் நின்றுவிடும். வெளியேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பம்பு நின்றபின் வடிகுழாய்த் தத்துவப்படி கடல்நீர் அதே குழாய் வழியே உள்ளே திரும்பலாம். அதனால் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பில்ஜ் நீரில் இயந்திர எண்ணெய் கலந்துவிடும். பெரிய கப்பல்கள் வெளியேற்றும் நீரில் 10 லட்சத்தில் 15 பங்குக்குமேல் எண்ணெய் இருக்கக்கூடாது என்பது அனைத்துலக விதி. சதுப்புநிலக் காடுகளும் மீன்பண்ணைகளும் உள்ள குறுகலான ஜோகூர் நீரிணையில் சிறு படகின் எண்ணெய்கூடத் தீங்குதான்.

ஆகவே, பம்பு நன்றாக ஓடுகிறது என்று நிம்மதி அடையக்கூடாது. ஒரு நாளில் அது எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ண வேண்டும். நேற்று இரண்டு முறை, இன்று ஆறு முறை என்றால் கசிவு எங்கே என்று உடனே தேட வேண்டும்.

நீங்களும் சோதியுங்கள்

அகலமான உணவு டப்பா ஒன்றை வாளி நீரில் மிதக்கவிடுங்கள். ஒரு குவளை நீரை நெகிழிப் பையில் இறுக்கமாகக் கட்டி, டப்பாவின் நடுவே ஒட்டுங்கள். ஓர் ஓரத்தை மெல்ல அழுத்தி விடுங்கள். பிறகு பையை எடுத்துவிட்டு, அதே அளவு நீரை டப்பாவில் நேரடியாக ஊற்றி மீண்டும் அழுத்துங்கள். இரண்டு முறையும் எடை ஒன்றுதான். எந்த முறை டப்பா எளிதில் சாய்கிறது என்று குறித்துவையுங்கள்.