இம்பிளாண்ட் வைக்கும் முன் எதையும் மறைக்காதீர்கள்

"சுகர் இருக்கா?" என்று பல் டாக்டர் கேட்டால், "லேசா இருக்கு" என்பதே நம் தூத்துக்குடியில் பலரும் சொல்லும் பதில். தாடையெலும்பில் திருகு பதித்துப் பல் மாட்டும் இம்பிளாண்டுக்கு அது போதாது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்தைத் தாண்டினால் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்லும் டாக்டர்மேல் கோபப்படாதீர்கள்.

டைட்டானியத் திருகு எலும்போடு இறுகிப் பிடிக்கக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை ஆகலாம். கப்பலிலிருந்து லீவில் வரும் தம்பிகள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். சிலருக்கு உடனே பல் மாட்ட முடியும்தான். ஆனால் அது எலும்பின் உறுதியைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு. சங்கு குளிப்பவர்கள் தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்லுங்கள். மேல் கடைவாய்க்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. அங்கே எலும்புத்தூள் வைத்திருந்தால், ஆழத்தில் மாறும் அழுத்தம் அதைக் கெடுத்துவிடலாம். எத்தனை வாரம் கடலில் இறங்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, ஈறு நோய், தூக்கத்தில் பல் கடிப்பது, தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு எல்லாமே ஆபத்தைக் கூட்டும். பெரும்பாலோர் சொல்ல மறப்பது மாத்திரைகளைத்தான். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட், புற்றுநோயாளிகளுக்குப் போடும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி ஆகியவற்றால், அரிதாக என்றாலும், தாடையெலும்பு செத்துப்போவது உண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொன்னதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஆபத்தையும் மாற்றுவழியையும் விளக்கித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணம் வாங்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே தீர்ப்பானது. இம்பிளாண்ட் கழன்றாலே அது டாக்டரின் அலட்சியம் ஆகிவிடாது. சொல்லியும் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கேஸ் ஷீட் உங்களுக்குச் சாட்சி. மறைத்திருந்தால் அதுவே எதிராக நிற்கும். தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதலாம்.

பில், எக்ஸ்ரேயோடு இம்பிளாண்ட் பெட்டியின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் அதில்தான் இருக்கும். நாளை வேறு ஊரில் அதைச் சரிசெய்யப்போகும் டாக்டர் முதலில் கேட்பதும் அந்த விவரத்தைத்தான்.