வீட்டு வாகனமும் மறக்கப்பட்ட ஒயிலும்

காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், பகலில் கடைக்குச் சாமான் கொண்டு வருவதும், வார இறுதியில் கலியாண வீட்டுக்கு வாடகைக்குப் போவதும் ஒரே வேன்தான். நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் நிலை இது. அந்த வேன் ஒரு வாரம் நின்றுவிட்டால் வீட்டுச் செலவில் எங்கெங்கு இடிக்கும் என்பதை இல்லத்தரசிகளை விட நன்றாக அறிந்தவர் யார்?

என்ஜின் ஒயிலை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் அழுத்தம் குறைந்தால் சாரதியின் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். கோலை எடுத்து அளந்தும் பார்க்கலாம். தண்ணீர் கொதித்தால் முள் மேலே ஏறும். ஆனால் பின் அச்சின் நடுவில், பூசணிக்காய் போல உருண்டு நிற்கும் இரும்புப் பெட்டிக்குள்ளும் ஓர் ஒயில் இருக்கிறது. நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான வேன்களில் அதற்கு விளக்கு இல்லை, முள் இல்லை, அளக்கும் கோலும் இல்லை. அதனாலேயே அது மறக்கப்படுகிறது. அதுதான் டிபரன்ஷல் ஒயில்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சில்லுக்குக் குறைந்த தூரமே போதும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால் ஒரு டயர் வீதியில் இழுபட்டுத் தேயும். இரண்டு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிபரன்ஷலின் வேலை. 1820களின் இறுதியில் ஒனெசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளர், நீராவி வண்டிக்காக இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுவே.

என்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டு ஏறத்தாழ 4 முறை சுற்றினால் சில்லு ஒரு முறை சுற்றும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வேனில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2,000 முறை அளவில் சுற்றுகிறது. ‘கிரவுன் பினியன்’ எனப்படும் பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று பெரும் பலத்துடன் அழுத்தி உரசுகின்றன. நடுவில் நிற்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றே! ஒயிலை இறைக்க அங்கே பம்பும் இல்லை. பெரிய சக்கரம் அடியிலுள்ள ஒயிலில் தோய்ந்து, அதனைத் தானே மேலே வாரி வீசிக்கொள்கிறது.

மறந்தால் என்ன நேரும்?

தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடாவிட்டால் சத்தம் போடும். சகோதரிகளுக்கு இது புதிதல்ல. டிபரன்ஷலும் அப்படித்தான். வாகனம் ஓடும்போது பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போன்ற ஓசை வரும். காலை அமர்த்தும்போது ஒரு விதமாகவும், எடுக்கும்போது வேறு விதமாகவும் கேட்கும். நின்ற இடத்தில் என்ஜினை உறுமவிட்டால் அந்த ஓசை வராது. சத்தம் கேட்கத் தொடங்கும்போது பெரும்பாலும் பற்கள் தேய்ந்திருக்கும். புதிய ஒயில் அதன்பின் அவற்றை வளர்த்துத் தராது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அச்சின் முனையிலுள்ள சீல் பழுதானால் ஒயில் கசிந்து பின் சில்லின் பிரேக்கில் படியும். அளவுக்கு மேல் ஒயில் நிரப்பினாலும், பெட்டியின் மேலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டாலும் இந்தக் கசிவு ஏற்படலாம். ஒயில் படிந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. பிறர் பெற்ற பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பாடசாலை வேனில் இதனைச் சிறிய விடயமாக எண்ண முடியுமா? பின் சில்லின் உட்புறம் ஒயிலால் நனைந்திருந்தால், பழுது தீரும்வரை அந்த வேனை ஓட்டக் கூடாது.

எந்த ஒயில்?

டொல்பின் என்று நாம் அழைக்கும் ஹயேஸ் போன்ற, பின் சில்லால் இயங்கும் வாகனங்களுக்கே இந்தத் தனிப் பெட்டி உண்டு. ஆல்டோ போன்ற முன் சில்லால் இயங்கும் சிறு கார்களில் அது கியர் பெட்டியோடு சேர்ந்திருக்கும்; பின்னால் தேட வேண்டியதில்லை.

என்ஜின் ஒயிலை இதற்குள் ஊற்றக் கூடாது. வேண்டியது கியர் ஒயில். ‘ஜீ.எல்.5’ தரமும் ‘80டபிள்யூ-90’ தடிப்பும் பல வேன்களுக்குப் பொருந்துபவை. கந்தகம் சேர்ந்த மருந்து கலந்திருப்பதால் அதில் ஒரு கடும் வாடை வீசும். அழுத்தத்தில் பற்களைக் காப்பது அந்த மருந்தே. மிஞ்சியதைக் கியர் பெட்டிக்குள் ஊற்றிவிட வேண்டாம். சில கியர் பெட்டிகளின் பித்தளைப் பாகங்களை அது அரிக்கக்கூடும். வாகனத்தின் கைநூல் சொல்லும் வகையும் அளவும் எதுவோ, அதுவே முடிவு.

வீட்டிலேயே மாற்றும் முறை

10 நிமிடம் வாகனத்தை ஓட்டி வாருங்கள். சூடான ஒயில் இலகுவாக இறங்கும். பின்னர் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். உயரமான வேனின் கீழ் ஜக் இல்லாமலே நுழையலாம். உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, நான்கு சில்லுப் பக்கமும் சம உயரத்தில் நிற்கச் செய்ய வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரையும் வாகனத்தின் கீழே போக விடாதீர்கள். கணவரோ மகனோ அவசரப்பட்டாலும் தடுத்து நிறுத்துங்கள்!

பெட்டியில் இரண்டு திருகு மூடிகள் இருக்கும். மேலே உள்ளது நிரப்ப. அடியில் உள்ளது வடிக்க. சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, மேல் மூடியையே முதலில் கழற்ற வேண்டும். ஏன் தெரியுமா? கீழ் மூடியைத் திறந்து ஒயிலை வடித்த பிறகு மேல் மூடி துருவால் அசையாமல் போனால், புதிய ஒயிலை ஊற்ற வழியிராது. வாகனம் அங்கேயே முடங்கும். மேல் மூடி அசையாவிட்டால் வேலையை அத்துடன் நிறுத்தி, ஒயில் உள்ளபடியே கராஜுக்கு ஓட்டிச் செல்லலாம்.

பிறகு பேசினை வைத்துக் கீழ் மூடியைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, மூடியைத் துடைத்து, புது வொஷர் இட்டு இறுக்குங்கள். மேல் துவாரத்தினுள் குழாயைச் செருகி, கைப் பம்பாலோ புனலாலோ புதிய ஒயிலைச் செலுத்துங்கள். துவாரத்தின் கீழ் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் அளவு நிறைந்தது. வழிவது நின்றதும் மூடிவிடுங்கள். சிறிது தூரம் ஓட்டி வந்து, மறுநாள் காலை நிலத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய ஒயில் சொல்லும் செய்தி

பேசினில் உள்ளதை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். கறுத்திருந்தால் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. வெள்ளம் பாய்ந்த வீதியில் அச்சு மூழ்க ஓடிய வாகனத்தில் இது நேரும். சூடான பெட்டி நீரில் குளிரும்போது காற்றுத் துவாரம் வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆகவே, வெள்ளம் வடிந்ததும் தவணையைப் பாராமல் ஒயிலைச் சோதிக்க வேண்டும். காந்தமுள்ள மூடியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழமை. இரும்புத் துண்டுகள் இருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

கழிவு ஒயிலைக் கானிலோ வளவிலோ கொட்டாதீர்கள். காத்தான்குடி, கல்முனை போன்ற கிழக்குக் கரையோர ஊர்களின் மணல் நிலத்தில் கிணற்று நீர் ஆழத்தில் இல்லை. இன்று மணலில் ஊற்றியது நாளை நம் வாளியில் வரலாம். பழைய கேனில் அடைத்து, கழிவு ஒயிலைச் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கையுறை அணிவதும், ஒயில் பட்ட உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியே கழுவுவதும் அவசியம்.

ஒரு கொப்பி போதும்

பல கைநூல்கள் 40,000 கிலோமீற்றர் அளவில் இதனைக் கவனிக்கச் சொல்கின்றன. பாரம் ஏற்றும் வாகனத்துக்குத் தவணை இன்னும் குறுகும். ஆனால் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஒன்றரை, இரண்டு லீற்றர் ஒயிலின் விலையைச் சேமித்துவிட்டு, முழு டிபரன்ஷலையும் வாங்கும் நிலை வருவது அதனால்தான்.

சகோதரிகளே! பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் பிழையின்றி எழுதுபவர்கள் நீங்கள். அதே கொப்பியில் வாகனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாற்றிய திகதி, மீற்றர் காட்டிய கிலோமீற்றர், ஒயிலின் வகை, ஊற்றிய அளவு, பழைய ஒயிலின் நிறம், இந்த ஐந்தும் போதும். கராஜில் மாற்றினாலும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். இந்த ஒயிலுக்கு எச்சரிக்கை விளக்கை எவரும் பூட்டித் தரவில்லை. உங்கள் கையெழுத்தே அதற்கு விளக்காகட்டும்.