மின்னாத பொன்னைக் கண்டறிவது எப்படி?
(முள் காட்டும் கருவியும் எண் காட்டும் கருவியும்: ஓர் ஒப்பீடு)

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பது பழமொழி. ஆனால், மின்னாமல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பொன்னை அறிவது எப்படி? இக்கேள்வி கடந்த ஆண்டுவிழா ஒத்திகையின்போது எங்கள் முன் வந்து நின்றது. அதற்கு விடை தேடிய கதையையும், அதனால் நாங்கள் கற்ற அறிவியலையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றோம்.

எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். கோலாட்ட ஒத்திகை முடிந்து முகம் கழுவும்போது அவளது இடக்காதில் தோடு இல்லை. அது அவளுடைய அம்மாவின் தோடு. அடகுக் கடையிலிருந்து அப்போதுதான் மீட்டு, விழாவிற்காக ஆசையோடு கொடுத்தனுப்பியது. பள்ளிக்குத் தங்கம் அணிந்து வரக்கூடாது என்பது விதி. ஆகவே அவள் சிஸ்டரிடம் சொல்லவும் அஞ்சினாள். வீட்டிற்குச் சொல்லவும் அஞ்சினாள். நாங்கள் நால்வரும் இரண்டு நாள் மாலையில் குனிந்த தலை நிமிராமல் மைதானத்தைக் கண்ணால் சலித்தோம். கிடைத்தபாடில்லை.

எங்களில் ஒருத்தியின் தாய்மாமா இங்கிலாந்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வேங்கிக்காலில் குடியிருக்கிறார். அந்நாட்டில் உலோகம் கண்டறியும் கருவியுடன் வயல்வெளிகளில் நடப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. 2009-ஆம் ஆண்டு ஸ்டாஃபர்ட்ஷயர் என்னும் பகுதியில் அப்படித் தேடிய ஒருவர்தாம் பெரும் பொற்குவியலைக் கண்டெடுத்தார். மாமாவிடமும் இரண்டு கருவிகள் இருந்தன. பழையதில் கடிகார முள்போன்ற ஒரு முள். புதியதில் எண்கள் தோன்றும் சிறு திரை. அவற்றைப் பள்ளிக்குக் கொண்டு வந்து மைதானத்தைத் தோண்ட வேண்டுமானால் சிஸ்டரின் அனுமதி வேண்டும். ஆகவே எங்கள் தோழி அழுதுகொண்டே போய் உண்மையைச் சொன்னாள். சிஸ்டர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விதியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தோட்டைத் தேடுங்கள்" என்றார்கள்.

கருவி வேலை செய்யும் விதம்

அறிவியல் பாடத்தில் மின்காந்தத் தூண்டலைப் படித்திருக்கிறோம். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த உண்மை அது. மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தில் ஒரு கடத்தியை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும். கருவியின் அடியில் தட்டுப்போல் இருப்பது கம்பிச் சுருள். அதில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கின்றது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகின்றது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சுழல் மின்னோட்டம் எழுகின்றது. அச்சுழல் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. கருவியிலுள்ள இரண்டாவது சுருள் அதை உணர்ந்து ஒலி எழுப்புகின்றது.

உலோகம் இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. அது என்ன உலோகம் என்று எப்படித் தெரியும்? இதற்கு மாமா சொன்ன விளக்கம் எங்களுக்கு எளிதில் புரிந்தது. எங்கள் கோலாட்டத்தையே உவமையாக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நாம் கோலைத் தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் நிற்பவளும் பதிலுக்குத் தட்டுகிறாள். ஒருத்தி உடனே தட்டுவாள். ஒருத்தி சற்றுத் தாமதித்துத் தட்டுவாள். அத்தாமதத்தைக் கொண்டே எதிரில் இருப்பவள் இன்னாள் என்று ஊகிக்கலாம் அல்லவா? உலோகங்களும் அப்படியே. கனமான வெள்ளி, செம்பு ஆகியவற்றில் எழும் சுழல் மின்னோட்டம் எளிதில் அடங்காது. ஆகவே அவற்றின் பதில் தாமதமாக வரும். மெல்லிய ஜிகினாத் தாளில் அது உடனே அடங்கிவிடும். பதிலும் விரைவில் வந்துவிடும். இரும்போ காந்தத் தன்மை உடையது. அதன் பதில் தனிப்போக்கு. இத்தாமத அளவைத்தான் ஒரு கருவி முள்ளாலும், மற்றொன்று எண்ணாலும் நமக்குக் காட்டுகின்றது.

முள்ளும் எண்ணும்

இரண்டு கருவிகளையும் முதலில் பள்ளி வராந்தாவிற்கு வெளியே, மண்மேல் பொருள்களை வைத்துச் சோதித்தோம்.

முள் கருவியில் இடப்பக்கம் இரும்பு, அடுத்து ஜிகினாத் தாள், பிறகு குளிர்பான டப்பாவின் வளையம், வலக்கோடியில் வெள்ளிக்காசு என்று அச்சிட்டிருந்தது. இடையில் இருந்த காசுகளின் பெயர்கள் எல்லாம் அமெரிக்கக் காசுகள்! அந்நாட்டில் செய்த கருவியாதலால் அந்நாட்டுக் காசுக்கே அளவு குறித்திருக்கிறார்கள். நம் ஒரு ரூபாய் நாணயத்தைக் காட்டினோம். முள் இரும்பின் பக்கம் சாய்ந்தது. எங்களுக்கு வியப்பு. 1992 முதல் நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்படுகின்றது. இரும்பை ஒதுக்கும்படி கருவியை அமைத்துவிட்டுத் தேடினால் ஒரு ரூபாய் நாணயத்தையும் அது ஒதுக்கிவிடும்! பாட்டி ஒருவர் பூசையறையில் பாதுகாத்து வந்த பழைய வெள்ளி ரூபாயைக் காட்டியதும் முள் தயங்காமல் வலக்கோடிக்குப் போய் நின்றது.

எண் கருவியில் 0 முதல் 99 வரை எண்கள். இரும்பாணிக்குக் குறைந்த எண். வெள்ளி ரூபாய்க்கு 90-ஐ ஒட்டிய எண். பார்க்க எளிது, நினைவில் வைப்பதும் எளிது. ஆனால் இவ்வெண்களுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 என்னும் கருவி −9 முதல் 40 வரை காட்டும். 2020-இல் மூடப்பட்ட அமெரிக்காவின் ஒயிட்ஸ் நிறுவனக் கருவிகள் பலவற்றில் −95 முதல் +95 வரை இருக்கும். கேரட் நிறுவனக் கருவிகள் பலவற்றில் 0 முதல் 99 வரை. ஒரு கருவியில் 40 என்றால் உயர்ந்த வெள்ளி. இன்னொன்றில் 40 என்றால் அற்பமான தாள். ஆகவே எண்ணைக் கேட்டவுடன், "எந்தக் கருவியின் எண்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எது சிறந்தது? முள் ஓர் எண்ணைச் சொல்லாது. ஆனால் அது நிற்கும் விதம் ஒரு செய்தியைச் சொல்லும். உருண்டையான நல்ல நாணயத்தின்மேல் எத்தனை முறை தட்டை வீசினாலும் முள் ஒரே இடத்திற்கு வரும். துருப்பிடித்த தகரத்தின்மேல் அது தடுமாறும். எண் கருவியிலும் இத்தடுமாற்றம் உண்டு. 38, 61, 22 என்று மாறி மாறி வரும். ஆனால் திரையில் ஓர் எண்ணைக் கண்டதும் அது உறுதியான விடை என்று நம் மனம் நம்பிவிடுகின்றது. நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

நாங்கள் செய்த பிழை

முதல்நாள் மாலை எண் கருவியுடன் மைதானத்தில் இறங்கினோம். ஓரடிக்கு ஓர் ஒலி! தோண்டினால் மிட்டாய்த் தாள், மாத்திரை அட்டை, மீண்டும் மிட்டாய்த் தாள். சலித்துப்போய், "50-க்குக் குறைந்த எதற்கும் ஒலிக்காதே" என்று கருவியை அமைத்துவிட்டோம். தங்கம் உயர்ந்த பொருள். ஆகவே உயர்ந்த எண்தான் காட்டும் என்பது எங்கள் எண்ணம். இருட்டும் வரை தேடியும் பித்தளைத் திருகு ஒன்றும், பூட்டுச் சாவி ஒன்றும் கிடைத்தனவே தவிர, தோடு கிடைக்கவில்லை.

மறுநாள் மாமா ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த காதுத் தோடு எங்கே?" தோழி அதைக் கழற்றி மண்மேல் வைத்தாள். நாங்கள் அமைத்திருந்தபடியே தட்டை அதன்மேல் வீசினோம். கருவி வாய் திறக்கவில்லை! கண்ணெதிரே தங்கம் இருக்கிறது. கருவியோ மௌனம் சாதிக்கிறது. அமைப்பை மாற்றிப் பார்த்தபோது 40-ஐ ஒட்டிய எண் வந்தது. மிட்டாய்த் தாளுக்கும் அதே எண்தான். முள் கருவியிலும் அவ்விதமே. தாள் என்று எழுதிய இடத்திற்கே முள் சென்றது.

காரணம் இதுதான். தூய தங்கம் அலுமினியத்தைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் நகைத் தங்கத்தில் செம்பு முதலியன கலந்திருக்கின்றன. அக்கலப்பினால் கடத்தும் திறன் குறைகின்றது. மேலும் தோடு சிறியது, மெல்லியது. கருவி பொருளின் பெயரையோ விலையையோ அறியாது. கடத்தும் திறன், பருமன், வடிவம் ஆகிய எல்லாம் கலந்த ஒரு தாமதத்தை மட்டுமே அறியும். வெள்ளிக் கொலுசுகூட மெல்லிய கண்ணிகளாக இருப்பதால் வெள்ளி ரூபாயைவிட மிகக் குறைந்த எண்ணையே காட்டிற்று. பொருள் ஆழத்தில் கிடந்தாலும், பக்கத்தில் ஆணி கிடந்தாலும், மண்ணில் இரும்புச் சத்து மிகுந்திருந்தாலும் எண் மாறிவிடும்.

கருவியை நம்பி வருந்திய கதைகள்

இப்பிழை எங்களோடு தொடங்கியதன்று. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து வந்தார். மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகள் ஒலியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர் அப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-இல் அவர் உயிர் நீத்தார்.

இலங்கையில் 2009-இல் போர் முடிந்த பிறகும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடிகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றை அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் "இது குப்பை" என்று எந்த ஒலியையும் ஒதுக்குவதில்லை. ஆணியாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் மண்ணை மெல்லச் சுரண்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கின்றனர். அங்கே ஒதுக்கிய ஒலி ஓர் உயிரை வாங்கிவிடும். நம் ஊரில் கார்த்திகைத் தீபத்தின்போது கோயில் வாயில்களில் நிறுத்தும் சோதனைச் சட்டங்களும் அப்படியே. உலோகம் உண்டு என்று அவை ஒலிக்கும். அது பூசைச் செம்பா வேறு பொருளா என்பதைக் காவலர்தாம் பார்த்து அறிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இக்கருவியைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கமோ கோயில் பக்கமோ புதையல் தேடிப் போகலாகாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். செங்கம் பகுதியில் நடுகற்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. இங்கே மண்ணைக் கிளறுவது வரலாற்றைக் கிளறுவதாகும்.

தோடு கிடைத்தது

அடுத்த நாள் புதிய முறையில் தேடினோம். எந்த எண்ணையும் ஒதுக்கவில்லை. இருக்கும் தோட்டின் எண்ணையே அளவாகக் கொண்டு, அதை ஒட்டி ஒலித்த ஒவ்வோர் இடத்தையும் தோண்டினோம். கோலாட்டம் ஆடிய இடத்தைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டோம். சிஸ்டரும் ஒரு பிளாஸ்டிக் வாளியுடன் வந்து, நாங்கள் எடுத்த தாள்களையெல்லாம் அதில் சேர்த்தார்கள். வாளி முக்கால்வாசி நிறைந்தபோது, வேப்பமரத்தடியில், இரண்டு விரற்கடை ஆழத்தில், மண் அப்பிய திருகாணியுடன் தோடு வந்தது. அதற்கு முந்தைய ஒலிக்கும் இதன் ஒலிக்கும் எங்கள் காதில் ஒரு வேறுபாடும் இல்லை. முந்தையது மிட்டாய்த் தாள். இது ஒரு தாயின் தோடு.

தோழி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சிஸ்டர் வாளியைக் காட்டி, "இவ்வளவும் நாம் போட்டதுதானே?" என்றார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தங்கத்தை மறைத்தது மண்ணன்று. நாங்கள் வீசிய குப்பையே என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது மைதானத்தின் மூலையில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. தாளை அதில் போடாமல் வீசுகிறவர்களை நாங்களே கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம்.

நற்செய்தியில், காணாமற்போன ஒரு வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி, வீடு முழுவதையும் பெருக்கித் தேடிய பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். அவள் எந்த மூலையையும் ஒதுக்கவில்லை. முள்ளோ, எண்ணோ, எதுவானாலும் கருவி நமக்கு வழிகாட்டும் துணை மட்டுமே. குனிந்து, மண்ணை விலக்கி, கையில் எடுத்துப் பார்ப்பது நம் பொறுப்பு. குறைந்த எண் பெற்றது என்பதற்காக எதையும், எவரையும் அற்பம் என்று ஒதுக்காதிருப்போமாக என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி