காற்றும் நிழலும் ஈனும் நலம்

இலங்கையின் கிழக்குக் கரையில், வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த ஊர் ஆரையம்பதி. பகலில் நிலம் நீரைவிட விரைந்து சூடேறும். அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. ஆனால் கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் நிலைமை வேறு. மலைநாட்டில் மழையாய் ஈரத்தை இழந்த அக்காற்று, இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்ட வெம்மையோடு கிழக்குக் கரையை அடைகிறது.

மனித உடல் தன் உள்வெப்பத்தை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் காத்தாக வேண்டும். சுற்றுக்காற்று தோலளவு சூடாகிவிட்டால், வியர்வை ஆவியாவது ஒன்றே உடல் வெப்பம் வெளியேறும் வழி. ஈரம் செறிந்து அசையாது நிற்கும் காற்று அவ்வழியையும் அடைக்கிறது. பகலெல்லாம் வெயிலுண்ட சீமெந்துத் தளம் இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. ஆழ்ந்த உறக்கத்துக்கு உள்வெப்பம் சற்றே தணிய வேண்டும். அது தணியாவிடில் உறக்கம் கலையும். மறுநாள் கவனமும் பொறுமையும் குன்றும்.

பழைய வீடுகளின் கிடுகுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும் முற்றத்து வேம்பும் இவ்வெம்மையைத் தணித்தன. ஓலை அடுக்குகளிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுத்தது. வேம்போ நிழலோடு நிற்பதில்லை: இலைவழி ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய 2,400 யூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. எனினும் 1978ஆம் ஆண்டுப் புயலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் கண்ட மக்கள் கல்வீட்டை நாடியது முற்றிலும் நியாயமே. உறுதியும் தண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பசுமை உளத்தையும் ஆற்றும். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர் றொஜர் உல்றிச் 1984இல் ஒரு முடிவை வெளியிட்டார். செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தோரைவிட, சாளரவழி மரங்களைக் கண்டோர் முக்கால் நாளளவு முந்தி வீடு திரும்பினர்; கடும் வலிநீக்கி மருந்தும் குறைவாகவே கொண்டனர்.

ஆதலின் கல்வீட்டுக்கும் எதிரெதிர்ச் சாளரங்கள் வேண்டும். கூரைக்கடியில் காற்றோடும் இடைவெளி வேண்டும். மேற்குச் சுவருக்கு மரநிழல் வேண்டும். மதில்கள் உயர்ந்து மரங்கள் வீழ்ந்தால், வாவிக்கரை ஊரிலும் வாவிக்காற்று வீட்டை எட்டாது. வாவிக்கரைக்கு இட்டுச்செல்லும் நிழற்சாலைகளும், கண்டல் மரங்கள் தழைத்த கரைகளும் ஊரார் அனைவர்க்கும் உரிய நலச்செல்வங்கள். மருத்துவமனைக்கு நிலம் ஒதுக்கும் அதே கடப்பாட்டோடு நிழலுக்கும் நிலம் ஒதுக்குவதே அறிவார்ந்த ஊரமைப்பு.