பெட்ரோல் குடிக்கும் அம்பாசடர்: அடைபட்ட குழாயைக் கவனித்தீர்களா?

உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனது. ஆனாலும் பெட்ரோல் அம்பாசடரைக் கைவிட மனமில்லாதவர்கள் பெங்களூரில் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்தால் வரும் முதல் புகார், "வண்டி குடிக்கிறது" என்பதே. பிக்கப் இல்லை, ரேடியேட்டர் கொதிக்கிறது என்பவை கூடவே வரும்.

பிளக்கை மாற்றிப் பார்ப்பார்கள். மைக்கோ பிளக் தயாரான ஊர் அல்லவா! அதிலும் சரியாகவில்லை என்றால், என்ஜினை இறக்கி போரிங் செய்யவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை சொல்லிவிடுவார்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும், பென்சிலைவிட மெல்லிய வாக்குவம் குழாய்தான் அது. பல வண்டிகளில் அது கழன்று தொங்கும். அல்லது வாயில் ஒரு ஸ்க்ரூ திருகி அடைத்திருக்கும்.

அந்தக் குழாய்க்கு என்ன வேலை?

என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 50 சுற்று. பெட்ரோல் எரிந்து முடிய ஒரு கணம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடும்போது பொறியை முன்தள்ளும் வேலையை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் எடைகள் செய்கின்றன.

ஆனால் வேகம் மட்டும் போதாது, பாரத்தையும் பார்க்கவேண்டும். அடுப்பில் நெருக்கமாக அடுக்கிய சுள்ளியில் தீ சட்டென்று பரவும். தள்ளித் தள்ளிப் போட்டால் மெதுவாகத்தான் தாவும். சமதரையில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். அப்போது பொறி இன்னும் முன்னதாக விழவேண்டும். என்ஜினின் காற்றிழுப்பு அந்தக் குழாய் வழியாக டயாப்ரத்தை இழுக்க, பாயிண்ட் இருக்கும் தகடு சற்றே திரும்புகிறது. மேட்டில் முழுக்க மிதித்தால் இழுப்பு குறையும். தகடு தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். எத்தனை அழகான ஏற்பாடு!

குழாயை அடைத்துவிட்டால்? பொறி தாமதமாகிறது. எரிகிற சூட்டில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளாமல் வீணாகச் சைலன்சர் வழியே போகிறது. காசும் அதோடு போகிறது.

யார் அடைத்தது?

பெரும்பாலும் மெக்கானிக்தான். டைமிங் வைக்கும்போது குழாயைக் கழற்றி அடைத்துக்கொள்வது முறையான வேலையே. பிறகு மாட்ட மறந்துவிடுகிறார்கள். அம்பாசடரில் குழாயின் துவாரம் கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டின் விளிம்பருகே இருப்பதால், ஸ்லோவில் அங்கே இழுப்பே இராது. எனவே ஒர்க்‌ஷாப்பில் நின்றபடி கேட்டால் என்ஜின் ஒழுங்காகவே பாடும். குறை ரோட்டில்தான் தெரியும்.

நாக்கிங் சத்தத்துக்குப் பயந்து கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. இது வீண்பழி. மேடேறும்போது டொக்டொக்கென்று அடித்தால், அந்த நேரத்தில் குழாயில் இழுப்பு கிடையாதே! அடிப்படை டைமிங்கையோ, துருவேறிச் சிக்கிய எடைகளையோதான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் சிலர் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டிவிடுகிறார்கள். அங்கே ஸ்லோவிலும் முழு இழுப்பு. ஸ்லோ வேகம் ஏறும். அதை ஸ்க்ரூவில் குறைக்க, மற்ற செட்டிங்குகள் கலையும். வேறு சில என்ஜின்கள் அப்படியே வடிவமைக்கப்பட்டவை என்பது உண்மை. அம்பாசடருக்கு கார்புரேட்டர் துவாரமே சரி.

சோதிக்கக் காசு வேண்டாம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து வைத்து, கார்புரேட்டர் பக்கத்து முனையைக் கழற்றித் துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடிக்கவேண்டும். உள்ளே தகடு திரும்பி, நாக்கை எடுக்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும். உடனே திரும்பி வந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. அல்லது ரப்பர் முனை வெடித்திருக்கிறது. தகடு அசையவே இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கலாம், தகடு சிக்கியிருக்கலாம், டயாப்ரம் அடியோடு போயிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால், முனைகளை மாற்றிவிடுவது நல்லது. ஜே.சி. ரோட்டுக்கு ஒரு நடை போனால் போதும்.

குழாயை மாட்டிய பிறகு டாங்கியை நிரப்பி, ஊருக்குப் போகிற வாக்கில் ஓசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி வரை சீரான வேகத்தில் ஓட்டி, அங்கே மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கலாம். போரிங் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.