நத்தையின் இதயம் செய்யும் இன்னொரு வேலை

மாகறல் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடும்புக் கதை சொல்லித் தர வேண்டியதில்லை. துரத்தப்பட்டுப் புற்றுக்குள் ஓடி ஒளிந்த பொன் உடும்பின் கதைதானே அவ்வூர் மாகறலீசுவரர் கோயிலின் தலபுராணம்! நாம் இன்று பேசப்போவது துரத்தத் தேவையே இல்லாத ஓர் உயிரைப் பற்றி. மழை விட்டதும் தோட்டத்திலும் ஈரச் சுவரிலும் ஊர்ந்து வரும் நத்தை.

ஓடு இன்னும் தடிக்காத குட்டி நத்தையை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். ஓட்டுக்குள்ளே ஓரிடம் மட்டும் சுருங்கிச் சுருங்கி விரியும். அதுதான் இதயம். நம் இதயத்தில் நான்கு அறைகள், நத்தைக்கு இரண்டே. மேலறை இரத்தத்தை வாங்கிக் கீழறைக்குத் தரும். கீழறை அதை உடம்புக்குத் தள்ளும். அந்த இரத்தம் சிவப்பாக இருக்காது. ஆக்சிஜனைச் சுமக்க நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, நத்தையின் இரத்தத்தில் செம்பு. அதனால் ஆக்சிஜன் சேரும்போது இளநீலமாகத் தெரியும்.

நத்தைகளில் ஒரு பெரிய இனம் உண்டு: ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்பவர் அதை மொரீசியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். அங்கிருந்து பரவி, இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் வாழை, பப்பாளி, காய்கறி என்று மேய்கிறது. விவசாயிகளுக்குப் பெரிய தொல்லை. ஆனால் அதன் இதயம் அறிவியலுக்கு ஓர் அருமையான செய்தியைச் சொன்னது.

இந்த நத்தையின் மேலறையில் தசைச் செல்களோடு வேறு வகைச் செல்களும் ஏராளமாக இருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொன்றும் கம்பு மணிகளைத் திணித்த சாக்குப்போல் இருக்கும். அந்த மணிகளுக்குள் இருப்பது புரதம். இரத்தம் ஓடும் இடத்தில் இப்படி ஒரு சேமிப்பு எதற்கு?

ரஷ்ய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். இதயத்தை நத்தையின் உடம்புக்குள்ளேயே விட்டு, அதன் வழியாக ஒரு திரவத்தை ஓடவிட்டார்கள். பிறகு இதயத்துக்குப் போகும் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். வெளியே வந்த திரவத்தில் புரதத்தின் அளவு கூடியது! முன்பு இல்லாத மூன்று புரதங்களும் அதில் இருந்தன. செல்லுக்குள் என்ன நடந்தது தெரியுமா? தனித்தனியாக இருந்த மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்கால்களாகிவிட்டன. உள்ளே இருந்த பொருள் அவற்றில் கரைந்து வெளியேறியது. மூன்றில் ஒரு புரதத்தை மட்டும் ஒளிரும்படி செய்து தேடியபோது, அது அந்த மணிகளுக்குள்ளேயே தென்பட்டது. தூண்டிய இதயத்திலோ மணிகள் குறைந்துகொண்டே போயின.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உத்தரவு நரம்பிலிருந்து வந்ததுதான். நரம்பு சொல்ல, இதயம் இரத்தத்தில் புரதத்தைக் கலக்கிறது. அப்படியானால் இதயத்தை வெறும் பம்ப் என்று எப்படிச் சொல்வது?

நம் இதயத்திலும் இதற்கு உறவான ஒன்று உண்டு. கினிப் பன்றியின் இதய மேலறையில் சிறு மணிகள் இருப்பதை 1956-இலேயே பார்த்துவிட்டார்கள். எதற்கென்று புரியப் பல ஆண்டுகள் ஆயின. 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலியின் மேலறையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் செலுத்தினார்கள். அந்த எலிகள் உப்பையும் நீரையும் சிறுநீராகக் கொட்டித் தீர்த்தன. மணிகளில் இருந்தது ஒரு ஹார்மோன்! நம் உடம்பிலும் இரத்தத்தின் அளவு கூடி மேலறை இழுபட்டால் அது வெளிவந்து, உப்பை வெளியேற்றும்படி சிறுநீரகத்திடம் சொல்கிறது. ஒரு வேறுபாடு: நமக்கு அந்த மணிகள் இதயத் தசைச் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன, நத்தைக்கோ அதற்கென்றே தனிச் செல்கள்.

குட்டி நத்தை கிடைத்தால் காலைக் குளிரில் ஒருமுறை, வெயில் ஏறியபின் நிழலில் வைத்து ஒருமுறை, ஒரு நிமிடத்துக்கு இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். கையால் தொடாதீர்கள், இலையில் ஏந்துங்கள். மனிதருக்கு நோய் தரும் புழு நத்தையின் உடம்பில் இருக்கலாம். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.